எடைமேடை நாட்குறிப்பு, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

27 ஜனவரி 2025, திங்கள்

ஆஞ்சியோ முடிந்து மாமாவை வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அறுவை சிகிச்சை வேண்டும், தேதி சொல்கிறோம் என்றார்கள். எப்போது சொல்வீர்கள் என்று கேட்டேன். அதையும் சொல்கிறோம் என்றார்கள்.

வராந்தா பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து, கரும்பாலையின் எடைமேடைப் பதிவையும் ஆய்வகப் பதிவையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். எடைச்சீட்டு அச்சாகும் நொடியை இரண்டு பக்கமும் தனித்தனியே குறித்து வைக்கின்றன. ஆய்வகம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில். எடைமேடை உள்ளூர் நேரத்தில் குறிப்பதை நம் ஸ்கிரிப்ட் யூடிசிக்கு மாற்றுகிறது. மாற்றிய பிறகு பத்து நிமிடம் இடிக்கிறது. ஒரு லாரிக்கு என்றால் விட்டுவிடலாம். எல்லா லாரிக்கும், எல்லா வருடத்துக்கும்.

28 ஜனவரி

பத்து நிமிடம். கடிகாரம் மெதுவாக ஓடியிருந்தால் ஏறி இறங்கியிருக்குமே.

29 ஜனவரி, புதன்

சீனப் புத்தாண்டு விடுமுறை. மனைவி அத்தையோடு ஆஸ்பத்திரியில். எனக்கு மதியம் வரை வீடு.

ஆலை ஜூனில்தான் அரைக்கத் தொடங்கும். அதற்குள் ஸ்கிரிப்ட் ஓடும் பைத்தான் 3.8-ஐ விட்டுப் புதிய பதிப்புக்கு ஏற வேண்டும், அதற்கான ஆதரவு போன அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. பைத்தான் பதிப்புகளை நிறுவும் யூவி போட்டு 3.13-ஐ இறக்கினேன். பழைய பைத்தானைத் தொடாமல் பக்கத்திலேயே ஒன்றை நிறுத்திவைக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஓட்டிய முதல் நொடியிலேயே விழுந்தது: எடைக்கருவியோடு பேசப் பயன்படுத்திய டெல்நெட்லிப் இல்லை. 3.13-இல் தூக்கிய 19 பழைய மாட்யூல்களில் அதுவும் ஒன்று. 3.11-இலிருந்தே எச்சரிக்கை கொடுத்தார்கள்தான். 3.8-இலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

எடைக்கருவி நெட்வொர்க்கில் ஒரு போர்ட்டில் விடாமல் வரிவரியாக எடையைத் துப்பிக்கொண்டே இருக்கும். நிலைத்த எடைக்கு ஒரு குறி, ஆடும் எடைக்கு இன்னொன்று. அதைப் படிக்க டெல்நெட்டே தேவையில்லை, வெறும் சாக்கெட் போதும். ஐந்து விநாடி டைம்அவுட்டோடு இணைப்பைத் திறந்து, அதைக் கோப்பு போலப் படிக்க மேக்ஃபைல் வைத்து, ரீட்லைன் என்று எழுதினேன். அழகாக ஓடியது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். அவ்வளவுதான். ஒருமுறை டைம்அவுட் ஆனால் அந்தக் கோப்புப் பொருளிலிருந்து மறுபடி படிக்க விடாது, 'டைம்அவுட் ஆன பொருளிலிருந்து படிக்க முடியாது' என்று கையை விரித்துவிடும். ஆகவே மேக்ஃபைல் வேண்டாம். ரெசீவில் வருவதையெல்லாம் ஒரு பைட்அரேயில் சேர்த்து, வரிமுடிவு தெரிந்தால் மட்டும் அதுவரை வெட்டி எடுப்பது, மிச்சத்தை அடுத்ததற்கு வைப்பது. ரெசீவ் ஒருமுறை திரும்பினால் ஒரு வரி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அரை வரியும் வரலாம், மூன்றரையும் வரலாம்.

சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. சாக்கெட்பேர் இரண்டு முனையையும் கையில் தரும். ஒரு முனையில் '123' அனுப்பி, சற்று நிறுத்தி, '40' அனுப்பி வரியை முடித்தேன். ஒரு ரெசீவ் ஒரு வரி என்று எடுத்தால் 123 கிலோ எடையுள்ள கரும்பு லாரி. புதியதில் 12340.

31 ஜனவரி

இந்தக் குறியீட்டை முதலில் எழுதியவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும். ஆனால் 'எக்ஸெப்ட்: பாஸ்' என்று எழுதியதற்கு ஒருநாள் எனக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு மேலே போ என்கிறார். கன்ட்ரோல்-சி அடித்தாலும் நிற்காது, அதையும் விழுங்குகிறது. வெற்று எக்ஸெப்டை எல்லாம் எடுத்துவிட்டு, எண்ணாக மாற்ற முடியாத வரிக்கு வரும் வேல்யூஎரரை மட்டும் பிடித்து, லாகிங்.எக்ஸெப்ஷன் போட்டேன். மூல வரியும் டிரேஸ்பேக்கும் லாகில் விழுகின்றன. இத்தனை வருடம் எத்தனை எடை காணாமல் போயிருக்கும் என்று ஆலைக்காரர் கேட்டால் என்ன சொல்வது?

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

கொடியேறிவிட்டது. வீட்டில் எல்லோரும் விரதம். மாமாவும் ஆஸ்பத்திரி மீனைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். காவடி எடுப்பேன் என்கிறார். டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார், அத்தை சிரிக்கவில்லை.

3 பிப்ரவரி

கிடைத்தது!

நேரம் மாற்றும் வரிக்கு மேலே பிரேக்பாயிண்ட்() போட்டு நிறுத்தி, அந்த டேட்டைமின் யூடிசி விலகலைக் கேட்டேன். 3:50 என்றது. மொரீஷியஸ் 4:00 அல்லவா? நேர மண்டலப் பொருளை அச்சிட்டால் 'எல்எம்டி' என்கிறது. உள்ளூர்ச் சராசரி நேரம், அதாவது 1907-இல் நாலு மணி வருவதற்கு முன்னால் இங்கே இருந்த சூரியக் கணக்கு. போர்ட் லூயி தீர்க்கரேகை ஏறக்குறைய 57.5 பாகை. பாகைக்கு நாலு நிமிடம் என்றால் 230 நிமிடம், மூன்று மணி ஐம்பது. கணக்கு அச்சு அசலாக வருகிறது. நூறு வருடத்துக்கு முந்தைய சூரியனை வைத்து ஆலையில் கரும்பு நிறுத்திருக்கிறோம்.

காரணம் பைட்ஸ் (pytz), நேர மண்டலங்களுக்கான பழைய நூலகம். அதன் மண்டலத்தை டேட்டைமின் டிஇஸட்இன்ஃபோவில் நேராகச் செருகினால் பட்டியலின் முதல் பதிவை எடுத்துக்கொள்ளும், முதல் பதிவு எல்எம்டி. லோக்கலைஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்று அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. குறியீட்டில் பிழை தேடும் ரஃப்பில் டேட்டைம் விதிகளைப் போட்டு ஓட்டியிருந்தேன். மண்டலமில்லாத நேரத்தைத் தரும் யூடிசிநவ் எழுதிய இடங்களையெல்லாம் பிடித்தது, இதைப் பிடிக்கவில்லை. மண்டலம் இருக்கிறதா என்றுதானே அது பார்க்கும், எந்தக் காலத்து மண்டலம் என்று பார்க்காதே.

மாமாவிடம் சொன்னேன். "அப்போ நாங்க எல்லாம் பத்து நிமிஷம் கூட வேலை செஞ்சோமா?" என்றார். நன்றாக இருக்கிறார்.

4 பிப்ரவரி

நன்றாக இல்லை. இரவு மூச்சுத் திணறல். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

6 பிப்ரவரி, வியாழன்

பரவாயில்லை. உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

திருத்தும் முன் சும்மா ஒரு சரிபார்ப்புக்காகப் பழைய விளைவிலிருந்து பத்து நிமிடத்தைக் கழித்து ஓட்டினேன். எல்லா வருடமும் ஒட்டிக்கொண்டன, 2008 தவிர. அதிலும் அக்டோபர் கடைசி வரை சரி, பிறகு பருவம் முடியும்வரை ஒரு மணி நேரம் பிசகு. ராத்திரி பன்னிரண்டுக்கு மேஜையில் இதையே முறைத்துக்கொண்டிருந்தேன். அத்தை தண்ணீர் குடிக்க வந்தவர் என்ன என்று கேட்டார். 2008 அக்டோபர் என்றேன். "கடிகாரத்தை முன்னாடி வைக்கச் சொன்னாங்களே அந்த வருஷமா? அடுத்து வந்த காவடிக்கு இருட்டுல ஆத்துக்குப் போனோம்" என்றார், தண்ணீரைக் குடித்தார், தூங்கப் போய்விட்டார்.

நான் அப்போது திருச்சியில் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்!

தேடிப் பார்த்தால் உண்மைதான். மின்சாரம் மிச்சமாகும் என்று சோதனையாக 26 அக்டோபர் 2008 முதல் 29 மார்ச் 2009 வரை கோடைநேரம் வைத்திருக்கிறார்கள், அப்புறம் தொடரவில்லை. 1982லும் ஒருமுறை செய்திருக்கிறார்கள்.

8 பிப்ரவரி

பைட்ஸை வேரோடு எடுத்தேன். 3.9-இலிருந்து பைத்தானோடு வரும் நேர மண்டல மாட்யூல் சோன்இன்ஃபோ போதும். இதில் மண்டலத்தை டிஇஸட்இன்ஃபோவில் நேராகச் செருகலாம், அந்தத் தேதிக்கு உரிய விலகலை அதுவே பார்த்துக்கொள்ளும். பத்து நிமிடமும் போயிற்று, ஒரு மணியும் போயிற்று. மண்டலத்தின் பெயர்தான் 'இந்தியன்/மொரீஷியஸ்'. பெருங்கடலைச் சொல்கிறார்கள், கோபப்பட ஒன்றுமில்லை.

ஆலையின் விண்டோஸ் கணினியில் மண்டலமே கிடைக்கவில்லை என்று விழுந்தது. விண்டோஸ் அந்தத் தரவைப் பைத்தான் எதிர்பார்க்கும் வடிவில் வைத்திருப்பதில்லை. அந்தத் தரவு அடங்கிய டிஇஸட்டேட்டா தொகுப்பைத் தேவைப்பட்டியலில் சேர்த்தால் முடிந்தது. லினக்ஸிலும் சேர்த்துவிட்டேன், கணினியின் சொந்தத் தரவு இல்லாவிட்டால் அது கைகொடுக்கும்.

9 பிப்ரவரி

தேதி இல்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

காவடி. மாமாவுக்குப் பதில் இவள் பால்குடம் எடுத்தாள். ஆற்றங்கரையிலிருந்து கோவில் வரை தார் ரோடு பழுத்துக் கிடந்தது, ஓடும் பிள்ளைகள் குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டே வந்தார்கள். நான் வீடியோ காலில் மாமாவுக்குக் காட்டிக்கொண்டே நடந்தேன். நெட் பாதியில் அறுந்தது. ஏழு கறியோடு சாப்பாடு. தால் இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம்.

சாயங்காலம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "வேல் எந்தப் பக்கம் திரும்பி நின்னுச்சு?" எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. இவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

12 பிப்ரவரி

வெள்ளிக்கிழமை என்கிறார்கள். காலை ஏழு மணிக்கு. நாளை மாலைக்குள் இரண்டு பேர் ரத்தம் கொடுக்க வர வேண்டும்.

இன்னும் ஒன்று இடிக்கிறது. 26 அக்டோபர் 2008 அதிகாலை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எடைச்சீட்டுகள் இருக்கின்றன. அந்த ஒரு மணி நேரம் அன்று கிடையவே கிடையாது, கடிகாரம் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவியிருக்க வேண்டும். சோன்இன்ஃபோ இதற்குப் பிழை எறியாது, வாயை மூடிக்கொண்டு ஒரு விடையைத் தரும். யூடிசிக்குப் போய்த் திரும்பி வந்தால் அதே நேரம் வருகிறதா என்று நாமே பார்க்க வேண்டும். பார்த்தேன், வரவில்லை. அப்படியானால் கணினி தானாக மாறவில்லை, யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள், அதற்கு ஆள் வரும்வரை எடைமேடை பழைய நேரத்திலேயே ஓடியிருக்கிறது. ஆய்வக நேரத்தோடு ஒவ்வொரு சீட்டின் வித்தியாசத்தையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் எந்தச் சீட்டில் தாவுகிறது என்று தெரிந்துவிடும். ஷிஃப்ட் மாறும் நேரம் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேறு. ஆறு மணிக்கு முன்னால் 40 சீட்டு இருக்கிறது, அதை மட்டும் தனியாக எடுத்து

ரத்தத்துக்கு இவளுடைய சித்தப்பா மகன் வருகிறானாம். இன்னொருவர் நான்.