பாணமைக் கடலில் ஒற்றைப் பலகை

அறுகம்பேயில் முதல் நாள் காலை நான் பிடித்த அலைகள் மொத்தம் இரண்டு. அதில் ஒன்றில் எனக்கு முன்னாலேயே வேறொருவர் எழுந்து நின்றுவிட்டார், அதனால் அதைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. மீதி நேரமெல்லாம் நாற்பது ஐம்பது பேருக்கு நடுவில் சர்ஃபிங் பலகை மேல் உட்கார்ந்து, ரேஷன் கடையில் நிற்பவன் போல, முன்னால் இருப்பவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரேஷன் கடையிலாவது வரிசை உண்டு.

கோவளத்தில் சர்ஃபிங் கற்று ஐந்து வருடம் ஆகிறது. இன்னமும் நடுத்தரம்தான். நல்ல அலை கிடைத்தால் விழாமல் போவேன், மோசமான அலையை நல்ல அலை என்று நம்பி ஏமாறுவேன். இலங்கையின் கிழக்குக் கரைக்கு ஜூனில் போனால் அலை நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரிடமும் அதையே சொல்லியிருக்கிறார்கள் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

கொழும்பிலிருந்து இரவுப் பேருந்து. மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகலைக் காடு, அப்புறம் பொத்துவில். அங்கிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டரில், 2004 சுனாமிக்குப் பிறகு புதிதாகக் கட்டிய பாலத்தைத் தாண்டினால் அறுகம்பே. பலகையை அங்கேயே வாடகைக்கு எடுத்தேன். 7 அடி 2 அங்குலம், முனையில் பிசின் வைத்து ஒட்டிய பழைய காயத்தோடு.

இரண்டாம் நாள் மத்தியானம் கொத்து ரொட்டிக் கடை வாசலில் ஆட்டோக்காரர் ஒருவரைப் பிடித்தேன். பொத்துவில்காரர், ஐம்பது வயதிருக்கும். கூரையில் பலகை கட்டுவதற்காகவே மெத்தை சுற்றிய இரண்டு கம்பிகள். கிழக்கு மாகாண முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். காயல்பட்டினத்து நண்பன் வீட்டில் பழகிய சொல் என்பதால் எனக்குக் கூச்சமில்லை.

"ஆளே இல்லாத இடமா ஒண்ணு வேணும் காக்கா."

"ஆளில்லாத இடம் எத்தனையோ கிடக்கு தம்பி. அலை வருமா எண்டுதான் சொல்ல ஏலா."

முதலில் அவர் சொன்னது பீநட் ஃபார்ம். பெயரைச் சொல்லிவிட்டு, "கச்சான் தோட்டம்" என்று எனக்காகத் தமிழ்ப்படுத்தினார். எனக்குக் குழப்பம். நான் படித்த கச்சான், காற்று. அகராதியில் மேல்காற்று, தென்மேற்குக் காற்று என்று போட்டிருக்கும். காற்றுக்கு யார் தோட்டம் போடுவார்கள்? அவர் சட்டைப் பையிலிருந்து காகிதச் சுருள் ஒன்றை எடுத்து நீட்டினார். வறுத்த வேர்க்கடலை. இலங்கையில் அதுதான் கச்சான். "அப்ப காத்து?" என்றேன். "அதுவும் கச்சான்தான். இப்ப அடிக்கிறதே அதுதான்" என்று மேற்கே கையை ஆட்டினார். பகலெல்லாம் அடுப்புப் பக்கம் நிற்பது போல முகத்தில் அடித்துக்கொண்டிருந்த அந்த வறண்ட காற்றின் பெயர் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைத் தீவின் மறுபக்கத்திலும் மலையிலும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கி வருகிறது. மட்டக்களப்புப் பக்கத்துக்காரர்கள் அதைத் திட்டாத நாளில்லை. சர்ஃபிங் செய்பவனுக்கோ அது வரம். கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால், உடையப் போகும் அலையின் நெஞ்சில் கை வைத்து ஒரு நொடி நிறுத்திப் பிடிக்கும்.

பீநட் ஃபார்மிலும் இப்போது ஆள் உண்டு என்றார். ஆகவே அதையும் தாண்டி, அறுகம்பேயிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் பாணமை. விடியுமுன் கிளம்பலாம் என்றேன். மறுத்துவிட்டார். "வெளிச்சம் வராம வண்டி எடுக்க ஏலா. ரோட்டுல ஆனை நிக்கும்." இதில் பேரம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஐந்தரைக்குக் கிளம்பினோம். யானை நிற்கவில்லை, ஆனால் நடு ரோட்டில் அதன் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பாணமை, சிங்களமும் தமிழும் பல தலைமுறையாகக் கலந்து மணமுடித்த ஊர். வயலையும் களப்பு என்கிற உப்பங்கழியையும் கடந்து போனால் மணல்மேடுகள். (களப்பில் முதலை உண்டு. குறுக்கு வழியாக நடக்கலாமே என்று கேட்ட என் முதல் யோசனை அதோடு முடிந்தது.) மேட்டில் ஏறி நின்றேன். இடமும் வலமும் கண்ணுக்கெட்டிய வரை மணல். தூரத்தில் கரைவலை மீனவர்கள் தங்கும் வாடி ஒன்று. கடலில் ஒரு தலை இல்லை.

இதற்குத்தானே வந்தோம் என்று துள்ளியிருக்க வேண்டும். எனக்கு வயிற்றில் லேசாகக் கலக்கம்.

அறுகம்பே போன்ற இடங்களில் நிலம் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். தெற்கேயிருந்து வரும் அலை அந்த மூக்கைச் சுற்றி வளைந்து, ஏறக்குறைய ஒரே இடத்தில் உடையத் தொடங்கி, வடக்கு நோக்கி உரிந்துகொண்டே போகும். எங்கே உட்கார வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம், கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதான். பாணமையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் மணல் கரை. இங்கே அலையை உடைப்பது தண்ணீருக்கு அடியில் கிடக்கும் மணல் திட்டுகள். அவற்றைக் கடல் இஷ்டப்படி நகர்த்திக்கொண்டிருக்கும். ஒரு அலை இங்கே எழும், அடுத்தது நூறு அடி தள்ளி எழும், மூன்றாவது ஒரே சுவராக நின்று மொத்தமாகச் சரியும். அறுகம்பேயில் நான் சபித்த அந்த ஐம்பது முதுகுகளும் எனக்கு வழிகாட்டிப் பலகைகளாக இருந்திருக்கின்றன.

இருபது நிமிடம் மேட்டிலேயே நின்று பார்த்தேன். இரண்டு அலைகளுக்கு நடுவே பன்னிரண்டு நொடி போல இடைவெளி. அண்டார்க்டிகாவுக்கு வடக்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ அடித்த புயலின் மிச்சம் இது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் சிற்றலைகள் எல்லாம் அடங்கி, நீளமானவை மட்டும் வந்து சேர்கின்றன. உயரம் இடுப்பிலிருந்து நெஞ்சு வரை, நடுநடுவே தலை அளவுக்கு ஒன்று.

வாடியிலிருந்து ஒரு பெரியவர் நடந்து வந்தார். பாதி சிங்களம், பாதி தமிழ். என் பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கடலில் ஒரு பட்டையைக் காட்டினார். இரண்டு பக்கமும் வெண்நுரை, நடுவில் மட்டும் அலை உடையாமல், சற்றே இருண்டு, மேற்பரப்பு சுருங்கிச் சுருங்கி நெளிகிற தண்ணீர். "இழுக்கும்" என்றார். குளிக்கப் போகிறவனுக்கு எச்சரிக்கையா, வெளியே போகிறவனுக்கு வழியா என்று அவர் விளக்கவில்லை. இரண்டும்தான். கரைக்கு வந்து சேர்ந்த தண்ணீர் திரும்பிப் போகும் பாதை அது. நீந்துகிறவர் அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போவார். பக்கவாட்டில் நீந்தித்தான் வெளியேற வேண்டும். பலகையோடு போகிறவனுக்கு அது இலவச லிஃப்ட்.

லிஃப்டில் ஏறினேன். கையை அவ்வளவாக அசைக்காமலே திட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். அங்கேதான் அடுத்த பாடம். கிழக்குக் கரை, காலை ஆறரை மணி. சூரியன் நேர் எதிரே. தண்ணீர் மொத்தமும் பித்தளைத் தாம்பாளம் போலக் கண்ணில் அடித்தது. வருகிற அலை தெரியவே இல்லை. தொடுவானத்தில் ஒரு கோடு கறுப்பாகத் தடித்தால் அலை என்று ஊகிக்க வேண்டியதுதான். பாதி நேரம் ஊகம் தப்பு.

முதல் அலைக்குக் கைகளால் துடுப்புப் போட்டேன். முதுகுப் பக்கத்துக் கச்சான் இப்போது, கரையைப் பார்த்துத் திரும்பியதும், முகத்தில். அலையின் உச்சியிலிருந்து சிதறும் தண்ணீரை அப்படியே கண்ணில் தூவியது. பலகையின் மூக்குக்கு அடியில் காற்று புகுந்து என்னை உச்சியிலேயே நிறுத்தி வைத்தது. வரம் என்று சொன்னேனே, அது அலைக்கு வரம், எனக்கு இல்லை. ஒரு நொடி தாமதமாக எழுந்தேன். அதற்குள் அலை காலடியில் இல்லை. தலைகீழாக விழுந்து, தோள் மணலில் இடித்து, தண்ணீருக்கடியில் துணி துவைப்பது போல ஒரு புரட்டு. எழுந்து நின்றபோது தண்ணீர் இடுப்பளவுதான்! அதுவரை நீந்திக்கொண்டிருந்தேன் என்பதை யாரும் பார்க்கவில்லை, கரையில் உட்கார்ந்து கச்சான் தின்றுகொண்டிருந்த காக்காவைத் தவிர.

மறுபடி வெளியே வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் காக்கா வெகு தூரத்தில் சின்னப் புள்ளியாக இருந்தார். அவர் நகரவில்லை, நான்தான் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். அலை தெற்கேயிருந்து சாய்வாக வருவதால் கரையோர நீரோட்டம் முழுவதும் வடக்கு நோக்கித் தள்ளும். கூட்டத்தில் இருந்தால் பக்கத்து ஆள் தள்ளிப் போவதை வைத்து இது தெரியும். தனியாக இருப்பவனுக்குக் கடல் அசைவதே தெரியாது.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பக்கம் மீனவர்கள் இடம் பார்க்கும் முறை ஞாபகம் வந்தது. கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்கள், ஒன்று மற்றொன்றை மறைத்து நின்றால் நாம் ஒரே கோட்டில் இருக்கிறோம். கோவளத்தில் கேட்டிருக்கிறேன், தேவைப்பட்டதில்லை. மணல்மேட்டின் சரிவில் இருந்த ஒரு பள்ளத்தையும், அதன் பின்னால் தனியாக நின்ற ஒரு மரத்தையும் பிடித்துக்கொண்டேன். மரம் பள்ளத்துக்குள் நிற்க வேண்டும். மரம் பள்ளத்தை விட்டு விலகினால், தெற்கே துடுப்புப் போட வேண்டும். அந்தக் கோட்டில் ஒரு மணி நேரம் பிடிவாதமாக இருந்த பிறகு ஒன்று புரிந்தது. மூன்று நான்கு அலைகளுக்கு ஒன்று சரியாக அங்கேயே தோள் தூக்குகிறது. கீழே ஒரு திட்டு இருக்கிறது, நான் அதன் தெற்கு முனையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு வந்த அலையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும், அதிகம் போனால் எட்டு நொடி. கோடு தடித்தது. இந்த முறை அரை நொடி முன்னாலேயே, நெஞ்சைப் பலகையில் நன்றாக அழுத்தி இரண்டு துடுப்பு கூடுதலாகப் போட்டேன். பலகை இறங்கியது. எழுந்தேன். வலப்பக்கம் ஒரு பச்சைச் சுவர், கச்சான் அதைத் தடவி வழவழப்பாக்கி வைத்திருந்தது. உச்சியிலிருந்து பின்னால் பறந்த தூறல் என் தலைக்கு மேல் போனது. காட்டு வாசனை வந்தது, காய்ந்த சருகும் சாணமும். கடல் நடுவில் மாட்டுக் கொட்டில் வாசனை வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. திட்டு முடிந்த இடத்தில் அலையும் அடங்கிப்போனது. "ஏய்!" என்று கத்தினேன். பதிலுக்குக் கத்த யாருமில்லை. அறுகம்பேயாக இருந்தால் யாராவது ஒரு ஆஸ்திரேலியர் கையையாவது உயர்த்தியிருப்பார்.

ஒன்பதரைக்குக் காற்று திரும்பிக் கடல்பக்கமிருந்து அடிக்கத் தொடங்கியது. தண்ணீர் முகம் சுருங்கி, அலைகள் தள்ளாடின. வெளியே வந்தேன்.

"ஆறு அலை பிடிச்சேன் காக்கா."

"நாலு" என்றார், கச்சான் தோலை ஊதிவிட்டு.

வாடியில் பெரியவர் பிளேன்ரீ (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்தார், கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு. காசு வாங்கவில்லை. நான் நின்ற திட்டு போன மாதம் அங்கே இல்லை என்று கையாலேயே சொன்னார். அடுத்த மாதம் இருக்குமா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

பகல் முழுக்கச் சும்மா இருப்பானேன் என்று பாணமையிலிருந்து இன்னும் தெற்கே உகந்தைக்குப் போனோம். ரோடு காட்டுக்குள் போகிறது. குமண தேசியப் பூங்காவின் வாசல் அங்கேதான். போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்த காடு. வாசலை ஒட்டி உகந்தைமலை முருகன் கோயில். முருகன் கல்லோடத்தில் வந்து கரையிறங்கிய இடம் என்பது நம்பிக்கை. பாறைக் குன்றின் மேல் வள்ளியம்மன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கரையோரமாக நடந்தே வரும் கதிர்காம யாத்திரைக்காரர்கள், காட்டுப்பாதை திறக்கும் நாளுக்காக இங்கே கூடுகிறார்கள். கதிர்காமத்து ஆடிவேல் விழாவையொட்டிச் சில நாட்கள்தான் அந்தப் பாதை திறந்திருக்கும். மர நிழல்களில் மூட்டை முடிச்சுகளோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். உகந்தையிலும் பாறையை ஒட்டி வேகமான அலை ஒன்று வலப்பக்கமாக உருள்கிறது. பார்த்தேன், அது என் தரத்துக்கு மேல். இறங்கவில்லை.

வெறுங்காலோடு பல நாள் நடந்து வந்திருந்த ஒரு ஆச்சி, ஆட்டோ கூரையைக் காட்டி, "தம்பி, இதையும் தூக்கிக்கொண்டா காட்டுக்குள்ள நடக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் காக்கா முந்திக்கொண்டார். "அது தம்பிட காவடி அம்மா."

ஆச்சி நம்பவில்லை. ஆனால் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

மறுநாள் காலை மறுபடி பாணமை. மேட்டில் ஏறும்போதே இன்னொரு ஆட்டோ நிற்பதைப் பார்த்தேன், கூரையில் பலகை கட்டிய கயிறு தொங்கியது. கடலில் இரண்டு தலைகள். கோபம் வர வேண்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை. இழுவையில் ஏறி வெளியே போனேன். அவர்கள் என் கோட்டுக்கு வெகு வடக்கே, ஒரு அலையும் கிடைக்காமல் அங்குமிங்கும் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண் ஒருத்தி என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள், எங்கேதான் உடைகிறது என்பது போல.

பள்ளத்தையும் மரத்தையும் காட்டினேன்.