84

"நூறுக்குள்ளதான் இருக்குங்க ஐயா. எம்பத்து நாலு."

இவ்வளவுதான் சொன்னேன். பொய்யில்லை. லாப் புத்தகத்திலும் அதுதான் எழுதியிருக்கிறது.

கேட்டவர் எங்கள் செம்பனை எண்ணெய் மில்லின் பழைய ஆள், ஸ்டெரிலைசரில் பழக்குலை வேகவைத்தே ஓய்வு பெற்றவர். "தம்பி, ரெண்டு நாளா ஆத்துல மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. நம்ம மில்லுத் தண்ணியா லா?" நம்ம மில்லு என்றுதான் சொன்னார்.

அவர் வந்தது வெள்ளிக்கிழமை. நான் சொன்ன 84 திங்கட்கிழமைத் தண்ணீருக்கு உரியது. பி.ஓ.டி. சோதனை அப்படித்தான்: தண்ணீரில் உள்ள கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்ஸிஜனை இழுக்கின்றன என்று, லிட்டருக்கு மில்லிகிராமில், நாள் கணக்கில் காத்திருந்து பார்ப்பது. மில்லின் கழிவுநீர் குளம் குளமாகத் தங்கிச் சுத்தமாகி ஆற்றுக்குப் போகும்; அதில் கடைசிக் குளத்தின் மடையில் எடுத்த மாதிரியில் 15 மில்லியை 300 மில்லி பாட்டிலில் விட்டு, காற்றேற்றிய தண்ணீரால் நிரப்பினோம். ஆக்ஸிஜன் 7.6 இருந்தது. 30 டிகிரி இன்குபேட்டரில் மூன்று நாள் இருட்டில் வைத்து, வியாழன் எடுத்தால் 3.4. குறைந்தது 4.2, இருபது மடங்கு நீர்த்ததால் 84. மாதிரியைக் கூடுதலாக விட்டால் பாட்டிலில் ஆக்ஸிஜன் அடியோடு தீர்ந்துவிடும். குறைத்துவிட்டால் இறக்கம் 2-ஐக்கூடத் தொடாது. இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த வாரம் எல்லாம் சுத்தமாக அமைந்தது. அதனால்தான் அவ்வளவு தெம்பாகச் சொல்ல வந்தது போல.

சட்டம் வைத்த எல்லையான 100 என்பதும் லேசான எண் இல்லை. மில்லிலிருந்து வெளியே வரும்போது கழிவுநீர் 80, 90 டிகிரி சூட்டில் இருக்கும், புளிப்பு வேறு, பி.ஓ.டி. 25,000 பக்கம். 1977-இல் மலேசியாவில் செம்பனை ஆலைகளுக்கென்று சட்டம் வந்தது. 1978 ஜூலையில் 5,000 வரை விட்டார்கள், பிறகு படிப்படியாக இறக்கி 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இன்றைய தண்ணீர் தீர்த்தம்.

ஆனால் அவர் கேட்டது மீனைப் பற்றி.

அதே சட்டத்தின் பட்டியலில் அம்மோனியா நைட்ரஜன் 150 வரை போகலாம், தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். 9 வரை போகலாம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே எல்லைக்குள்தான், சேர்ந்தால்தான் மீனுக்கு ஆபத்து. பி.எச். 7-இல் அந்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. 8.5 ஆனால், நம் ஊர்ச் சூட்டில், ஐந்தில் ஒரு பங்கு அப்படி மாறிவிடும். அது மீனின் செவுளைத்தான் முதலில் பதம் பார்க்கும். கடைசிக் குளத்தில் பாசி பிடித்துப் பச்சையாக நின்றால், நல்ல வெயில் மதியத்தில் பி.எச். தானாக ஏறும். இதற்கெல்லாம் 84 ஒரு பதிலும் சொல்லாது. (நிறத்துக்கு அந்தப் பட்டியலில் எல்லையே கிடையாது. தேத்தண்ணி நிறத்தில் ஓடுவதைக் கண்டு ஆட்கள் திட்டுவார்கள், நாங்கள் பட்டியலைக் காட்டுவோம்.)

குலை குவியும் மாதம் வேறு. அடியில் சேறு ஏறிய குளத்தில், நாற்பது நாள் தங்க வேண்டிய தண்ணீர் நடுவில் ஒரு வழி பிடித்துச் சீக்கிரமே வெளியேறிவிடும். திங்கட்கிழமை சரியாக இருந்த குளம் வியாழக்கிழமையும் அப்படியே இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மில்லுத் தண்ணீராக இல்லாமலும் இருக்கலாம். மழை இல்லை, ஆறு இளைத்திருந்தது. பாசி அடர்ந்த ஆற்றில் விடியற்காலை ஆக்ஸிஜன் இறங்கினாலும் மீன் இப்படித்தான் மேலே வந்து வாய் பிளக்கும். எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று அவரிடம் கேட்டிருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

பி.எச். மீட்டர் மேசை மேல்தான் இருந்தது. கடைசிக் குளத்துக்கு மோட்டாரில் ஐந்து நிமிடம். மாத ரிப்போர்ட் முடிக்க வேண்டிய நாள், வெளியாள் கேட்டால் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி, இதெல்லாம் உண்மைதான். போய் 8.6 என்று பார்த்திருந்தால் மட்டும் அவரிடம் என்ன சொல்லியிருப்பேன்? அதுவும் எல்லைக்குள்தானே. ஒருவேளை அதனால்தான் போகவில்லையோ என்னவோ.

"நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரிதான்" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த திங்கள் எடுத்த மாதிரி 79.