வடக்கன்குளம் வழியாகக் காற்றாடிமலைக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில், புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே ஆரல்வாய்மொழியில் இறங்குவார்கள். பாறையில் ஏறி செபம் சொல்லிவிட்டு, கோட்டாறு பேராலயத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். நாங்களும் இதுவரை அப்படித்தான் செய்து வந்தோம். இந்த முறை, பங்கில் எங்கள் பகுதிக் குடும்பங்களின் சிறு குழுவான அன்பியத்தில் சிலர் சேர்ந்து, புனித தேவசகாயம் பிறந்த ஊரிலிருந்து தொடங்கி, அவர் நடந்த வழியிலேயே போய்ப் பார்ப்போம் என்று வேன் பிடித்தோம். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். இந்தியப் பொதுநிலையினரில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். குரு இல்லை, துறவி இல்லை. மனைவியோடு குடும்பம் நடத்தியவர், அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே விசுவாசத்தைக் காப்பாற்றப் பாடுபடும் நம்மைப் போன்றவர்களுக்கு இவரைவிட நெருக்கமான புனிதர் வேறு யார்?

நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்டன் என்ற பெயரில் பிறந்தார். பிற்பாடு திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில்தான் உத்தியோகம் பார்த்தார். நட்டாலத்தில் செபித்துவிட்டு, தக்கலையைத் தாண்டி உதயகிரிக் கோட்டைக்கு வந்தோம். கோட்டைக்குள், கூரை போன ஒரு பழைய சிற்றாலயத்தில் தெ லனாய் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. 1741ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி இவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்புக்கு வந்தார்.

இந்தக் கல்லறை முன்னால்தான் நான் வெகுநேரம் நின்றேன். நீலகண்டனுக்கு அப்போது கெட்ட காலம். கால்நடைகள் செத்தன, சொத்து கரைந்தது. முகம் வாடிப்போய் வந்தவரிடம் தெ லனாய் என்ன ஏது என்று விசாரித்திருக்கிறார். கேட்டுவிட்டு, விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொல்லியிருக்கிறார். எல்லாம் போன பிறகும் கடவுளை விடாமல் பிடித்துக்கொண்ட மனிதனின் கதை. ஒரு புனிதரின் வாழ்க்கை திரும்பியது இந்த இடத்தில்தான். பிரசங்க மேடை கிடையாது, கூட்டம் கிடையாது. கூட வேலை பார்க்கும் ஒருவர் இன்னொருவரின் துக்கத்தைக் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான். ஊழியம் என்றால் ஒலிபெருக்கி வேண்டும், மேடை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை இந்தக் கோட்டைக்கு வந்து போகலாம். நம் பக்கத்து மேசைக்காரர் இன்று ஏன் டீ குடிக்க வரவில்லை என்று கேட்பதுகூட நற்செய்திப் பணிதான். நான் இதை முழுமனதோடு நம்புகிறேன்.

அங்கிருந்து அருகில்தான் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை. தாகத்தில் தவித்த தேவசகாயம் முட்டியால் இடித்தபோது நீர் ஊறியதாகச் சொல்லப்படும் இடம். ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அப்புறம் ஆரல்வாய்மொழியைத் தாண்டி, மாவட்ட எல்லையும் தாண்டி வடக்கன்குளம். 1745 மே 14 அன்று இங்கேதான் சேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். நீலகண்டன் அன்று முதல் தேவசகாயம். மனைவி பார்கவியும் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்று, சொந்த ஊரை விட்டு இங்கே வந்து குடியிருந்தார். அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். கணவர் இழுத்துச் செல்லப்பட்ட பிறகு, சொந்தபந்தம் இல்லாத ஊரில் விசுவாசத்தை விடாமல் வாழ்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

தேவசகாயம் செய்த 'குற்றம்' என்ன? அரசத் துரோகம், உளவு என்று குற்றம் சாட்டி 1749ல் பிடித்தார்கள். ஆனால் அதற்கு முன்பே பலர் கண்ணில் அவர் உறுத்தத் தொடங்கிவிட்டார். சாதி பார்க்காமல் எல்லாரும் சமம் என்று வற்புறுத்தினார், அப்படியே பழகவும் செய்தார். உயர்ந்த சாதியில் பிறந்த ஓர் அரண்மனை உத்தியோகஸ்தர் அந்தக் காலத்தில் செய்யக்கூடாத காரியம் அது.

வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் நிற்கும்போது இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். 1872ல் இங்கே கட்டிய கோயிலில், பீடம் ஒன்றாக இருந்தாலும் மக்களைச் சாதி வாரியாகப் பிரித்து உட்கார வைக்க நடுவே சுவர் வைத்தார்கள். தேவசகாயம் தண்ணீரால் கழுவப்பட்ட அதே ஊரில், நூறு வருடத்துக்கும் மேல் கழித்து! 1910ல்தான் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். வழக்குக்குப் போனவர்கள் உண்டு, ஆனாலும் சுவர் திரும்ப எழவில்லை. எங்களோடு வந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும், "பூசை பாக்கும்போதுகூடவா?" என்று ஒரு பெண் கேட்டாள். பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. வரன் பார்க்கும்போது 'ஆர்.சி.' (ரோமன் கத்தோலிக்கர்) என்று எழுதி, பக்கத்திலேயே சாதியையும் எழுதுகிற வீடுகள் இன்றும் எத்தனை! புனிதர் பட்டம் கொடுக்கையில் திருச்சபை சாதிப் பெயரை விட்டுவிட்டு 'தேவசகாயம்' என்று மட்டும் அழைத்தது. அதை நான் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

மாலை வெயில் தாழ்ந்த பிறகு காற்றாடிமலைக்கு வந்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று பேச்சையே பறித்துக்கொண்டு போகிறது, சுற்றிலும் காற்றாலைகள். எருமை மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்று, அடித்து, காயத்தில் மிளகாய் தேய்த்து, கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது விழுந்ததாக மக்கள் சொல்லும் பாறையைக் கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கிறது. அங்கே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "மக்களே, தட்டிட்டு மட்டும் போவாத. ஒரு பரலோக மந்திரமும் சொல்லிட்டுப் போ" என்றார். காற்றில் குரல் கரைந்தாலும் எல்லாரும் சேர்ந்து சொன்னோம்.

கோட்டாறில் புனித சவேரியார் பேராலயத்துக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. இரவுச் செபத்தைக் கல்லறைக்குப் பக்கத்திலேயே முடித்துக்கொண்டோம். திரும்பும்போது வேனில், ஞானப்பூவின் பெயரில் எங்கள் அன்பியத்தில் ஏதாவது தொடங்க வேண்டும் என்று அத்தை ஒருவர் பேச்சை எடுத்தார். கணவனை இழந்தவர்கள், கணவன் விட்டுப்போனவர்கள் வீடுகளுக்கு முறை வைத்துப் போய் உட்கார்ந்து பேசுவது என்று முடிவானது. வருகிற அன்பியக் கூட்டத்தில் பெயர் எழுதுகிறோம்.

நீங்கள் பிள்ளைகளோடு போவதாக இருந்தால், காலையிலேயே வடக்கன்குளம் போய்விடுங்கள். சுவரின் கதையை அங்கேயே சொல்லுங்கள். அதன் பிறகு மலையேறினால், அவர் எதற்காகச் செத்தார் என்று பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.