1966 ஸ்ட்ராட்டோகாஸ்டர்: கறுப்புப் பூச்சுக்கு அடியில்

ஜூன் 4

பழைய நிலைக்கு மீட்க எடுத்த 1966 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிதாரை முழுவதும் பிரித்தாயிற்று. நெக்கின் (கழுத்துப் பகுதியின்) அடிமுனையில் ‘13 ஆகஸ்ட் 66 பி’ என்ற முத்திரை இன்னும் மங்கவில்லை. பலர் அதை ஆகஸ்ட் 13 என்று படித்துவிடுகிறார்கள். 13 என்பது ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு ஃபெண்டர் கொடுத்திருந்த மாடல் எண்; ‘பி’ நெக்கின் அகலத்தைக் குறிப்பது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 304 6622. 304 என்பது அதைச் செய்த ஸ்டாக்போல் நிறுவனம்; 6622 என்பது 1966ஆம் ஆண்டு, 22ஆவது வாரம். இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனாலும் கண்ட்ரோலை மட்டும் பார்த்து வயது சொல்வது ஆபத்து. 1966இல் ஃபெண்டர் வாங்கிக் குவித்த கண்ட்ரோல்கள் 1969 கிதார்களில்கூட இருக்கின்றன.

மாற்றப்பட்டவை: உடலுக்குத் தடித்த கறுப்பு பாலியெஸ்டர் பூச்சு, பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாகம்) பக்கம் ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), பித்தளை பிரிட்ஜ், வேறு டியூனர்கள் (தந்தியை முறுக்கும் திருகுகள்), எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை சுவிட்ச், பிக்கார்டில் (உடலின் முன்பக்கத்தை மூடும் தகட்டில்) துளையிட்டுச் சேர்த்த ஒரு குட்டி சுவிட்ச். நெக்கையும் ஃபிரெட்டுகளையும் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகளையும்) யாரும் தொடவில்லை. அதுவே பெரிய பாக்கியம்.

ஜூன் 9

நெக் உட்காரும் குழியில் மஞ்சள் தெரிகிறது. நடுவே பூச்சே இல்லாத ஒரு பட்டை. தொழிற்சாலையில் பூச்சடிக்கும்போது உடலைப் பிடிக்க அங்கே ஒரு கட்டையைத் திருகி வைப்பார்கள். அது மறைத்திருந்த இடம். ஆக, இது மூவண்ண சன்பர்ஸ்டாக (நடுவில் மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு) பிறந்த கிதார்.

கறுப்பு அடித்தவர் பழைய பூச்சை முழுவதும் தேய்த்து எடுத்தாரா என்பதுதான் கேள்வி. பின்பக்க மூடிக்குக் கீழே கறுப்பின் ஓரத்தைச் சுரண்டிப் புறஊதா விளக்கில் பார்த்தேன். அந்தக் காலத் தொழிற்சாலைப் பூச்சான நைட்ரோ லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் மெருகு) அந்த ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கும். மினுங்கியது! அப்போதே ஹீட் கன்னைத் தூர வைத்துவிட்டேன். பாலியெஸ்டரை இளக்கும் சூட்டில் அடியிலிருக்கும் லாக்கர் கொப்பளித்துப் போகும். ரசாயனக் கரைப்பானும் ஆகாது. அது கறுப்புக்கு முன் லாக்கரைத்தான் தின்னும். இனி பிளேடும் பொறுமையும்தான்.

ஜூன் 21

பின்பக்கம் பாதி வெளிவந்திருக்கிறது. பிடிமானம் இல்லாத இடங்களில் கறுப்பு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. நன்றாக ஒட்டிய இடங்களில் பிளேடைச் சாய்த்து முடியளவு முடியளவாகச் சீவ வேண்டியிருக்கிறது. நிறம் தெரிய ஆரம்பித்ததும் பிளேடை வைத்துவிட்டு, மிக நயமான உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கிறேன். முன்பக்கக் கை வளைவிலும் கீழ் விளிம்பிலும் கறுப்பு அடித்தவர் ஆழமாகத் தேய்த்திருக்கிறார். அங்கே வெறும் ஆல்டர் மரம்.

நண்பர் வந்து பார்த்தார். “எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக சன்பர்ஸ்ட் அடித்துவிடுங்கள், கடையிலிருந்து வந்த மாதிரி இருக்கும்” என்றார். இருக்கும்தான். ஆனால் அது நான் அடித்த பூச்சாக இருக்கும், 1966இல் அடித்தது போய்விடும். தேய்ந்த இடங்களுக்கு நிறமே ஏற்றப்போவதில்லை. மரத்தில் ஈரமும் வியர்வையும் இறங்காதிருக்க மெல்லிய நைட்ரோ மட்டும் பூசுவேன், அதையும் காற்று உலர்ந்திருக்கும் நாளில். ஈரக்காற்றில் அடித்தால் லாக்கர் பால்போல வெளுத்துவிடும்.

ஜூலை 2

ஹம்பக்கருக்காகக் குடைந்த குழி. ஆல்டர் துண்டு வைத்து அடைப்பதே வழக்கம். நான் அடைக்கவில்லை. விளிம்புகள் கோணல்மாணலாக இருக்கின்றன. துண்டு இறுக்கமாக உட்கார வேண்டுமென்றால் அவற்றை நேராக வெட்ட வேண்டும். மிஞ்சிய மரத்தில் இன்னும் கொஞ்சம் போகும். பிக்கார்ட் எப்படியும் மூடிவிடப்போகிற இடத்துக்காக அதைச் செய்ய மனம் வரவில்லை.

ஜூலை 11

ஹம்பக்கருக்குப் பதிலாக வைக்கப் பிரிட்ஜ் பிக்கப் கிடைத்தது. அடித்தட்டு சாம்பல் நிறம், அதே காலத்தது. மின்தடை 5.7 கிலோ ஓம். கிதாரில் மிஞ்சியிருந்த இரண்டோடும் நெருங்கி வருகிறது. யாரோ ஒரு முழுக் கிதாரை உதிரிபாகங்களுக்காகப் பிரித்து விற்றதிலிருந்து வந்தது என்பது மட்டும் உறுத்துகிறது. ஒன்றை முழுமையாக்க இன்னொன்று குலைந்திருக்கிறது. இனி பழைய பாகம் தேடும்போது, ஏற்கெனவே உடைந்த கிதாரிலிருந்து வந்ததா என்று முதலில் கேட்பேன்.

ஜூலை 20

டியூனர்கள். கிளுசன் நிறுவனத்தின் பழைய டியூனர்களுக்கு இருந்த சுமார் 8.7 மில்லிமீட்டர் துளையை 10 மில்லிமீட்டராக அகலப்படுத்தியிருக்கிறார்கள். மேப்பிள் கட்டை அடைத்து மறுபடி துளையிடலாம். ஆனால் தலைப்பகுதியின் முகப்பில் லாக்கர் உடையும். இடைவெளியை நிரப்பும் மாற்று வளையங்களே போதும். வேண்டாமென்றால் நாளை கழற்றிவிடலாம்.

ஆகஸ்ட் 3

மூன்று நிலை சுவிட்சைப் பொருத்தி, துணி உறையிட்ட கம்பிகளைப் பற்றவைத்தேன். ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்சைத் தொழிற்சாலையிலேயே பொருத்தத் தொடங்கியது 1977இல்தான். அதுவரை இரண்டு பிக்கப்புகள் சேர்ந்த ஒலி வேண்டியவர்கள் சுவிட்சை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்திப் பிடித்தார்கள். இந்த பிக்கப்புகளில் நடுவிலுள்ளது எதிர்த்திசையில் சுற்றப்பட்டதல்ல. அதனால் இரண்டு பிக்கப்புகள் சேரும் அந்த இடைநிலைகளிலும் இரைச்சல் அடங்காது. இரைந்துகொண்டேதான் ஒலிக்கிறது, இருந்தும் நெக் பிக்கப்பின் மணியோசைக்கு நான் எதையும் கொடுப்பேன்.

பித்தளை பிரிட்ஜுக்குப் பதில் எஃகுக் கட்டையும் தந்திகள் உட்காரும் வளைத்த எஃகு சேடில்களும் கொண்ட அந்தக் கால பிரிட்ஜ் வந்திருக்கிறது. நாளை அதை ஏற்றி, தந்திகளின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். கழற்றிய பித்தளை பிரிட்ஜும் ஹம்பக்கரும் தனிப் பையில் இருக்கின்றன. எது பிறந்தபோதே இருந்தது, எது நான் வாங்கிப் பொருத்தியது, எந்தக் குழி அடைக்கப்படாமல் இருக்கிறது என்று எழுதிய தாள் பெட்டிக்குள் போகிறது. அடுத்து வாங்குகிறவர் பிக்கார்டைத் திறந்து பார்க்குமுன் அதைப் படிக்க வேண்டும்.