கேர்சரைப் பிடித்து இழுக்க வேண்டாம்

போன மாதம் எனக்கு ஒரே ஒரு படிவத்தோடுதான் கழிந்தது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் ஒரு மௌலவி, எழுபதைத் தாண்டியவர், தன் வாப்பா சேர்த்து வைத்த கிதாபுகளுக்குக் கணினியில் ஒரு பட்டியல் செய்து தரச் சொன்னார். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது யாரும் புத்தகம் தூக்கிக்கொண்டு போகவில்லை. முன்பே புத்தளத்தில் சொந்தக்காரர் வீட்டில் கிடந்தவை மட்டும் தப்பி, இப்போது நாலு அலுமாரியில் மறுபடி இங்கே இருக்கின்றன. சில தனி அரபு. பல அரபுத்தமிழ், அதாவது மொழி தமிழ், எழுத்து அரபு. ட, ங, ள மாதிரி அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியும் கோடும் கூட்டி எழுதியவை. ஆகவே பெயர் எழுதும் பெட்டி வலமிருந்து இடமாக ஓட வேண்டும், அதற்குக் கீழே உள்ள தமிழ்ப் பெட்டி வழக்கம்போல ஓட வேண்டும்.

முதலில் நான் செய்தது பிழை. ஃபிளாஷ் என்ற பழைய வலை மென்பொருள் காலத்து நிரல் ஒன்று கையில் இருந்தது. ஃபிளாஷின் பழைய எழுத்துப் பெட்டிகளுக்கு வலமிருந்து இடம் என்றால் என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. அதனால் ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் கேர்சரை (அடுத்த எழுத்து விழும் இடத்தில் மினுங்கும் குறியை) இழுத்து முதலிடத்தில் விடுவார்கள், புது எழுத்து பழையதற்கு முன்னால் போய் விழும், பார்க்க வலமிருந்து ஓடுவது மாதிரி இருக்கும். அதையே ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் போட்டேன். மௌலவி பஷீர் என்று அடித்தார். பே, ஷீன், யே, ரே. திரையில் வந்தது ரே, யே, ஷீன், பே. "தம்பி, இது என்ன, எழுத்தெல்லாம் மற்றப் பக்கம் போய் நிக்குது?" என்று கேட்டார். பிரவுசர் தானாகவே ஒருமுறை திருப்பிக் காட்டுகிறது, என் ஸ்கிரிப்ட் அதற்கு முன்பே சேமிப்பில் திருப்பிவிட்டது. அரபு எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்து உருவம் மாறும் என்பதால் இணைப்புகளும் குலைந்து, வாசிக்கவே முடியாத ஒன்றாகிவிட்டது. தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே கிடப்பது பஷீர் இல்லை.

இதைத் தமிழ் ஆட்களுக்கு விளக்குவது சுலபம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவர்களுக்கு இன்னும் சுலபம். பாமினியில் கொ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. கண்ணுக்குத் தெரிகிற வரிசை. இப்போது எல்லாக் கணினியிலும் பொதுவாக உள்ள யூனிகோட் எழுத்து முறையில் முதலில் க, அதற்குப் பிறகுதான் ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது திரையில் காட்டுகிறவனுடைய வேலை. சேமிப்பில் இருப்பது சொல்லும் வரிசை. அரபுக்கும் அதே விதிதான், அங்கே முழு வரியும் திரும்புகிறது, அவ்வளவுதான். பாமினிக் கோப்புகளில் சொல் தேடி நாங்கள் பட்ட பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே பாட்டை இந்தக் கிதாபுகளுக்கும் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன்.

சரி, அந்த ஸ்கிரிப்ட் முழுவதையும் அழித்தேன். பெட்டியின் திசைப் பண்பை 'ஆட்டோ' என்று வைத்தால் போதும், முதலில் வருகிற எழுத்து அரபா தமிழா என்று பார்த்து பிரவுசரே திசையை எடுத்துக்கொள்ளும். இலக்கத்தையும் அடைப்புக்குறியையும் அது கணக்கில் எடுக்காது. ஒரே குறை, வெறும் பெட்டி எப்போதும் இடப்பக்கம்தான் தொடங்கும். மௌலவிக்கு அது பிடிக்கவில்லை, அவர் கண் வலது ஓரத்துக்குத்தான் போகிறது. ஆகவே ஸ்கிரிப்ட் இப்போது ஒரே வேலை செய்கிறது: பெட்டி காலியாக இருந்தால் திசையை வலமிருந்து என்று மாற்றும், ஒரு எழுத்து விழுந்ததும் ஆட்டோவுக்கு விடும். நாலே வரி. எழுத்தைத் தொடுவதில்லை, கேர்சரைத் தொடுவதில்லை. தொலைபேசி, மின்னஞ்சல் பெட்டிகளை இடமிருந்து என்றே பூட்டிவிட்டேன்.

அப்புறம் இலக்கப் பிரச்சினை. இதற்குத்தான் இரண்டு இரவு போனது. மௌலவி கிதாபின் பெயரை அரபில் எழுதி, அதே வரியில் அலுமாரி இலக்கமும் புத்தக இலக்கமும் 3-112 என்று போட்டார். திரையில் 112-3 என்று நின்றது. இருப்பது நாலு அலுமாரி, 112ஆம் அலுமாரிக்கு எங்கே போவது? சேமிப்பில் பார்த்தால் சரியாக 3-112. காரணம் யூனிகோடின் இருதிசை விதியில் இருக்கிறது. அரபு எழுத்துக்குப் பின்னால் வருகிற இலக்கங்களை அது அரபு இலக்கமாக நடத்தும், அப்போது நடுவில் இருக்கிற சிறு கோடு இரண்டையும் சேர்த்துப் பிடிக்காது, இரண்டும் தனித்தனித் துண்டாகி வலமிருந்து அடுக்கப்படும். 3/112 என்று சாய்கோடு போட்டால் குலையாது. எபிரேயத்துக்குப் பின்னால் சிறு கோடு போட்டாலும் குலையாது, அரபுக்குத்தான் இந்த வில்லங்கம். திகதியில் இது இன்னும் மோசம்: 2011-05-04 என்று எழுதியது 04-05-2011 ஆகி நிற்கும். அதுவும் ஒழுங்கான திகதி மாதிரியே இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இலக்கத்துக்குத் தனிப் பெட்டி வைத்தேன். பட்டியலில் காட்டும்போது பெயரையும் இலக்கத்தையும் தனித்தனியாக 'பிடிஐ' (bdi) என்ற HTML குறிச்சொல்லுக்குள் வைக்கிறேன், ஒன்றின் திசை மற்றதைத் தொடாது. வெறும் எழுத்தாக அனுப்ப வேண்டிய இடத்துக்கு 2013இல் யூனிகோட் 6.3 கொண்டுவந்த தனிப்படுத்தும் குறிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சேமிப்புக்குள் போட வேண்டாம், கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து தேடலைக் கெடுக்கும். அனுப்பும் நேரத்தில் சேர்த்தால் போதும்.

இன்னும் ஒன்று பாக்கி. தமிழும் அரபும் ஒரே வரியில் சந்திக்கிற இடத்தில் கேர்சர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மௌலவிக்குக் குழப்பமாக இருக்கிறது, எனக்கும்தான். அங்கே திரையில் இரண்டு இடம் உண்டு, சேமிப்பில் ஒன்றுதான். அடுத்து விழப்போகிற எழுத்தின் திசையைக் காட்டச் சின்ன அம்புக்குறி ஒன்று பெட்டியின் ஓரத்தில் வைத்துப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.