ஜூன் நாளைத் தேடி டூ ரிவர்ஸுக்கு

எனக்கு ஊர் தென்காசி. எங்கள் பக்கம் ஜூன் என்றால் சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஊரே சந்தோஷமாக இருக்கும். அம்மா மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மாடிக் கொடியில் போட்டதை ஓடி ஓடி எடுத்து, கடைசியில் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், குறுக்கே கயிறு கட்டி எல்லாவற்றையும் தொங்கவிடுவாள். பள்ளிச் சட்டை மூன்றாம் நாளும் ஈர வாடையோடுதான் உடம்பில் ஏறும்.

அமெரிக்காவில் 1938இல் விற்பனைக்கு வந்த முதல் தானியங்கி டிரையருக்கு, அதாவது துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு, வெயிலடிக்கும் ஜூன் நாளை நினைத்து 'ஜூன் டே' என்று பெயர் வைத்திருந்தார்கள் எனப் படித்தபோது அந்தப் பட்டாசல்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் செய்த ஊரை ஒருநாள் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் டூ ரிவர்ஸ்தான் அது.

பழைய டிரையர் மேல் எனக்கு ஈடுபாடு வந்ததற்குக் காரணம் நாங்கள் வாங்கிய வீடு. சிகாகோ பக்கத்து நேப்பர்வில்லில் அந்த வீட்டுக்குக் குடிபோனபோது பேஸ்மென்ட்டில் ஒரு பழைய மேட்டாக் கம்பெனி டிரையர் நின்றிருந்தது. 'ஹாலோ ஆஃப் ஹீட்' வகை. கம்பிச்சுருள் வளையமாக இருந்து காற்றைச் சூடாக்கும். ஆறே மாதத்தில் நின்றுபோனது. பார்க்க வந்தவர் இதற்கெல்லாம் இனி உதிரிபாகம் கிடைக்காது, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றார். மனசு கேட்காமல் நானே பின்தகட்டைக் கழற்றினேன். பெல்ட் அறுந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு மோட்டார், ஒரு உருளை, ஒரு விசிறி, ஒரு சூட்டுக்கம்பி, சூடு மீறினால் துண்டிக்க ஒரு தெர்மோஸ்டாட். திறந்து பார்த்தவுடனே எது என்ன வேலை செய்கிறது என்று புரிந்துவிடுகிற பொருள் வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

அப்புறம் லேடி கென்மோர் என்ற டிரையர் ஒன்று வந்து சேர்ந்தது. மூன்றாவதாக, ஜூன் டேயைச் செய்த ஹாமில்டன் கம்பெனியின் டிரையர் ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தபோது, டூ ரிவர்ஸுக்கு மேற்கே ஒரு பண்ணை வீட்டில் 1950களின் ஹாமில்டன் இருப்பதாக விளம்பரம் பார்த்தேன். விலை 40 டாலர்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை விடிவதற்கு முன்பே நானும் நண்பரும் வாடகை வேனில் கிளம்பினோம். மில்வாக்கியைத் தாண்டி 43ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது இருபக்கமும் பனி மூடிய வயல்கள். காப்பிக்காக நிறுத்தி இறங்கினால் மூக்கு மரத்துப்போகிறது. இந்தக் குளிரில் ஈரத்துணியை வெளியே போட்டால் சட்டை பலகை மாதிரி விறைத்து நிற்கும். வடக்கு டகோட்டாவில் ஜே. ராஸ் மூர் என்பவரின் அம்மா அப்படித்தான் துணி காயவைத்துக்கொண்டிருந்தாராம். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மகன் ஒரு கொட்டகைக்குள் அடுப்பையும் சுழலும் உருளையையும் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு பல வருஷம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, கடைசியில் 1930களில் அவருக்குக் கதவைத் திறந்தது ஹாமில்டன்.

அந்த ஹாமில்டன் யார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடித்த விஷயம். 1880இல் அச்சுக்கான மர எழுத்துகள் செதுக்கத் தொடங்கிய கம்பெனி அது. டூ ரிவர்ஸில் இப்போது அந்த மர எழுத்துகளுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. போகிற வழியில் உள்ளே நுழைந்தோம். சுமார் 15 லட்சம் எழுத்துத் துண்டுகள், பெரும்பாலும் மேப்பிள் மரம். இழுப்பறையைத் திறந்தால் மையும் எண்ணெயும் கலந்த வாசனை. அரைமணி நேரம் என்று போனவர்கள் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டோம். அச்சகத்துக்கு இழுப்பறையும் மேசையும் செய்த கைகள்தான் டிரையரும் செய்திருக்கின்றன. ஹாமில்டன் பெட்டிகளின் கதவு இன்றைக்கும் சுத்தமாகப் பொருந்துவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூரின் இயந்திரத்துக்கு உருவம் கொடுத்தவர் மில்வாக்கியின் வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். வெறும் தகரப் பெட்டியாக இருந்தால் இது என்னவென்றே யாருக்கும் தெரியாது, கதவில் கண்ணாடி வையுங்கள், கடையில் பளிச்சென்ற நிறத்தில் துணியைப் போட்டுச் சுழல விடுங்கள் என்று யோசனை சொன்னவர் அவர்.

பண்ணை வீட்டில் எங்களுக்காகக் காத்திருந்த அம்மாவுக்கு எண்பது வயது இருக்கும். பணத்தைக் கையில் வாங்கவில்லை. முதலில் ஓடுகிறதா பார் என்று பேஸ்மென்ட்டுக்குக் கூட்டிப்போனார். வெள்ளை எனாமல், ஒரு கீறல் இல்லை. ஈரத் துண்டு ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். உள்ளே போட்டுத் திருகியதும் உருளை முனகிக்கொண்டு சுற்றியது. உள்ளே ஒரு சின்ன விளக்குக்கான இடம் இருட்டாக இருந்தது. அங்கேதான் சூரியன் இருந்தது, பல வருஷத்துக்கு முன்பே அணைந்துவிட்டது என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஹாமில்டனில் புற ஊதா விளக்கு ஒன்று இருக்கும், 'சன்-ஈ-டே' என்று பெயர். வெளியே வெயிலில் காய்ந்தது போன்ற வாசனை துணிக்கு வரட்டும் என்று வைத்தது. அப்போது மற்ற கம்பெனிகளும் இதே போல 4 வாட் ஓசோன் பல்புகளை வைத்தார்கள். வெயிலில் காய்ந்த துணியின் வாசனைக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும். எங்கள் ஊரில் சாரல் முடிந்து முதல் வெயிலடித்த அன்று அம்மா துணியை முகத்தில் வைத்துப் பார்ப்பாள்.

பேஸ்மென்ட் படியில் ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. தள்ளுவண்டியில் பட்டை போட்டுக் கட்டி, ஒவ்வொரு படியாக. நண்பர் இல்லாமல் நடந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சுத்தம். உள்ளே அறுபது வருஷத்துப் பஞ்சு. அது சூட்டுக்கம்பியின் பக்கத்தில் போனால் தீ, அதனால் இந்த வேலையில் அவசரமே கூடாது. பழைய கம்பிகளின் மேலுறையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதைச் சுரண்டாமல், முகமூடி போட்டுக்கொண்டு, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். மின்னிணைப்பு 240 வோல்ட். அந்தக் காலத்து ப்ளக்கில் மூன்று கால்தான். 1996க்குப் பிறகு கட்டும் வீடுகளில் தனி எர்த்தோடு நான்கு கால். நான் எலக்ட்ரீஷியனை வைத்து நான்கு கால் வயர் போட்டு, பெட்டியைத் தனியாக எர்த் செய்தேன். பழசுதானே என்று இதில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். வெளியே காற்றுப் போகும் நான்கு அங்குலக் குழாய்க்கும் பிளாஸ்டிக் வேண்டாம், தகரமே போடுங்கள். ஓடும்போது நான் வீட்டைவிட்டுப் போவதில்லை.

விளக்கு கிடைக்க ஏழு வாரம் ஆனது. மாட்டியதும் நீல ஒளி. கதவு மூடியிருக்கும்போதுதான் அது எரிய வேண்டும், கண்ணுக்கு ஆகாது.

பார்த்து ரசிக்க மட்டும் வாங்கி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. மூன்றும் வாரத்தில் ஒருநாளாவது ஓடும். துண்டு, போர்வை, குழந்தைகளின் துணி எல்லாம் ஹாமில்டனில்தான். பட்டும் சரிகையும் அதன் பக்கமே போகாது. வேட்டிதான் பிரச்சினை. நாலு முழத்தை உள்ளே போட்டால் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, வெளியே காய்ந்து நடுவில் ஈரமாகவே வரும்.

அந்தப் பண்ணை வீட்டம்மா, முதல் தடவை ஓட்டியதும் கூப்பிட்டுச் சொல் என்று கேட்டிருந்தார். கூப்பிட்டேன். விளக்கு எரிகிறது என்றதும் ரொம்ப சந்தோஷப்பட்டார். வேட்டி என்றால் என்ன என்று விளக்கி, அது முறுக்குவதையும் சொன்னேன். நீளமான படுக்கை விரிப்புக்கு அவர் அந்தக் காலத்தில் செய்ததைச் சொன்னார்: போட்டுவிட்டுப் போகாதே, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கதவைத் திற, எடு, நன்றாக உதறு, திரும்பப் போடு.

இப்போது அப்படித்தான் செய்கிறேன். மாடியில் அம்மா உதறுவது போல இரண்டு கையிலும் முனையைப் பிடித்து, பட்டென்று ஒரு உதறல். மூன்று முறை உதறினால் வேட்டி முழுசாகக் காய்ந்துவிடுகிறது.