குளிர் அறையில் என் கோட்டும் அவற்றின் கோட்டும்

பெங்குயின் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று சட்டை, இரட்டைக் கையுறை, மேலே தடித்த கோட்டு என்று மூட்டைபோல நடமாடினேன். ஜென்டூ பெங்குயின்கள் வெறுங்காலோடு பனிக்கட்டியில் நின்றபடி என்னை வேடிக்கை பார்த்தன.

எடை பார்க்க ஒன்றைத் தூக்கினேன். முதுகு சில்லென்றிருந்தது. பதறிப்போனேன். "இறகுக்குள் விரலை விட்டுப் பார் தம்பி" என்றார் மூத்த பராமரிப்பாளர். மேலே ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்த விறைப்பான இறகுகள். அடியில் பஞ்சுபோன்ற தூவி. அதையும் தாண்டினால் தோல் கதகதவென்றிருந்தது. தூவிக்குள் சிக்கிய காற்றுதான் சூட்டைக் காக்கிறது. வெளியே சில்லென்றிருந்தால் உள்ளிருக்கும் சூடு கசியவில்லை என்று பொருள். ஆழத்தில் முங்கும்போது நீரின் அழுத்தம் அந்தக் காற்றை நசுக்கிவிடும். அப்போது தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கைகொடுக்கும்.

"கால் குளிராதா?" என்று கேட்காத பார்வையாளர் இல்லை. குளிர்ந்துதான் இருக்கும். கீழே இறங்கும் சூடான இரத்தம், மேலே திரும்பும் குளிர்ந்த இரத்தத்துக்கு வழியிலேயே சூட்டைக் கொடுத்துவிடுகிறது. உறையாத அளவுக்கு மட்டும் பாதத்துக்குச் சூடு போய்ச் சேர்கிறது. அண்டார்க்டிகாவின் குளிர்காலத்தில் பேரரசப் பெங்குயின் ஆண், முட்டையைப் பனியில் படவிடாமல் அந்தப் பாதங்களின்மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, ஏறத்தாழ 65 நாட்கள் அடைகாக்கிறது.

ஒருமுறை ஒரு பறவை சில வாரங்களாக மீனை வாரி விழுங்கிக் கொழுத்தது. என் கைராசி என்று பெருமையடித்துக்கொண்டேன். பிறகு திடீரென்று உண்ண மறுத்து, மூலையில் பிய்ந்த தலையணைபோல நின்றது. நோய் என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். இறகுதிர்ப்பு என்று பிறகுதான் தெரிந்தது. பல பறவைகள் இறகுகளைச் சிறிது சிறிதாக மாற்றும்; பெங்குயினோ சில வாரத்துக்குள் மொத்தமாக மாற்றிவிடும். அதுவரை நீர்க்காப்பு இல்லை. காட்டுப் பெங்குயின் கடலுக்குப் போக முடியாமல் பட்டினி கிடக்கும்; முன்பு தின்றதெல்லாம் அதற்கான சேமிப்பு. பதிவேட்டில் நான் எழுதியதை மூத்த பராமரிப்பாளர் சிரித்தபடியே அடித்தார். வடிகாலில் அடைத்த இறகை அள்ளும் வேலை என் தலையில் விழுந்தது.

ஓர் இரவு குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. பெங்குயின்களோ அலகைத் திறந்து மூச்சிரைத்தன. துடுப்புக் கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டன. நான் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, விடியும்வரை பனிக்கட்டியை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினேன். கொட்டிய குவியலின்மேல் முதலில் குப்புறப் படுத்தது, நான் நோயாளி என்று எழுதிய அதே பறவை.